தபசு மரத்தடியில் தனம் சித்தி

எதிர்வீட்டுப் பெண் தன் பிள்ளைகளைக் கோடை முகாமுக்கு அனுப்புகிறாள். ஏலகிரியில் காலையில் மலையேற்றமாம், மாலையில் நாடகமாம். நேற்று காபி குடிக்க வந்தவள், "உங்க காலத்துல இதெல்லாம் ஏதும்மா, பாவம்" என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே ஏலகிரியில் மலையும் ஏறி, நாடகமும் பார்த்தவள்தான் நான். அதுவும் வெள்ளைக்காரன் காலத்தில், காலில் செருப்பு இல்லாமல். ஊருக்கெல்லாம் செருப்புத் தோல் பதனிட்ட ஆம்பூரில் பிறந்துவிட்டு வெறுங்காலோடு திரிந்தோம், அது வேறு கதை.

எங்கள் வீடு தோல் மண்டிகளுக்குப் பின்னால் இருந்தது. தோல் பதனிட ஊறவைத்த ஆவாரம்பட்டை வாசனை இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அது இருந்தால் விருந்தாளிகளுக்குச் சோறு இறங்காது. சித்திரையில் பாலாறு வற்றிவிடும். தொட்டிகளுக்குத் தண்ணீர் கிடைக்காது, மண்டியில் வேலை கம்மியாகும். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அப்போதுதான் ஓய்வு. சித்தப்பா தோல் தரம் பிரிக்கிறவர். கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், உண்ணி கடித்த வடு எது, கத்தி பட்ட கீறல் எது என்று சொல்லிவிடுவார். வீட்டில் வாயைத் திறக்கவே மாட்டார். எங்கள் வீட்டின் வாய் முழுவதும் அத்தையிடம் இருந்தது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. புருஷன் போனபிறகு எங்களோடு வந்து தங்கி, கொஞ்ச நாளிலேயே சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டவள். நாங்கள்தான் அவள் வீட்டில் தங்கியிருந்தோம் என்று சொன்னால் சரியாக இருக்கும். அவள் கண்ணில் விழுந்த தூசு தனம் சித்தி. சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் சித்திக்குக் குழந்தை இல்லை. சித்தி இலையில் உட்கார்ந்தால் அத்தை சரியாக அந்த நேரம் பார்த்து, "துன்ற சோறெல்லாம் எங்கதான் போவுதோ" என்பாள். சித்தி மோரை ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுகிறவள் சித்திதான்; அந்த நாட்களில் பின்னல் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும்.

அந்தக் கோடையில் அத்தை ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"ஏலகிரி அடிவாரத்துல பாரதக் கூத்து நடக்குது. அர்ச்சுனன் தபசுக்கு இவள இட்டுனு போலாம். மடியில பழம் விழுந்தா இன்னும் ஒரு வருஷம் பாப்போம். விழலன்னா தம்பிக்கு வேற பொண்ணு. அம்மன் மேல ஆண."

தபசு மரம் என்பது கோயில் வெளியில் நட்ட உயரமான பனைமரம். அடித்துவைத்த படிகளில் அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியில் நின்று எலுமிச்சம்பழம், விபூதி, பூ எல்லாம் வீசுவார். பிள்ளையில்லாத பெண்கள் ஈரப்புடவையோடு கீழே மடியேந்தி உட்கார்ந்திருப்பார்கள். பழம் விழுந்தால் பிள்ளை.

ஜோலார்பேட்டை வரை ரயில், பிறகு நடை. நாங்கள் போனபோது பொழுது விடிந்து, அர்ச்சுனன் மரத்தடியில் கிரீடத்தோடு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெரிய ஏமாற்றம். காண்டீபத்தை ஒரு பொடியன் மடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை தின்றான். ஆனால் அவர் ஏறிப் பாடத் தொடங்கியதும் நான் வாயைப் பிளந்துவிட்டேன். பாதி மரம் ஏறியபோது நிஜமாகவே அழுதார். கீழே சித்தி மடியை இன்னும் அகலமாக விரித்தாள். பழங்கள் வந்தன. ஒன்று பக்கத்துப் பெண்ணின் தோளில் பட்டுத் தெறித்துச் சித்தியின் மடியில் விழுந்தது.

சித்தி அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணி, விழுந்துச்சு. பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன், பாத்தேன்" என்றாள் அத்தை. "மல மேல முருகனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வந்துரலாம். அந்தத் தட்டுக் கூடைய நீயே தூக்கினு வா."

அன்றைக்கு மலைக்கு ரோடு கிடையாது. பாறைக்குப் பாறை தாவும் ஒற்றையடிப் பாதைதான். பாதி வழியில் நான் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஊரைக் கூட்ட, அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டார். சித்தி மட்டும் துணி போட்டு மூடிய கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஏறினாள். பழம் முந்தானையில் முடிந்திருந்தது. அர்ச்சுனன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

மேலே நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை. பலாத்தோப்புக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் போனோம். வாசலில் கோலம். உள்ளே ஜமக்காளம். பட்டுப்பாவாடை கட்டிய சரோஜா என்ற பெண் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அத்தை கூடைத் துணியை எடுத்தாள். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு புதுப்புடவை. நிச்சயதார்த்தத் தட்டு. அவ்வளவு தூரம் அதைச் சுமந்து வந்தவள் சித்தி.

"அம்மன் மேல ஆண வெச்சீங்களே அண்ணி" என்றாள் சித்தி.

"பழம் நம்ம வூட்டுக்குத்தான் விழுந்துது. உனுக்குன்னு அதுல எழுதியா இருக்கு? முருகனுக்கே ரெண்டு பொண்டாட்டி. மூத்தவ கையால தட்டு குடுத்தாத்தான் வூடு வெளங்கும். குடு."

சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். சித்தப்பா ஜமக்காளத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அப்பா கூரையைப் பார்த்தார், அம்மா என் பாவாடையைச் சரிசெய்தாள். சித்தி தட்டை எடுத்துக் கொடுத்தாள். முந்தானையிலிருந்த பழத்தையும் அவிழ்த்து அந்தப் பெண்ணின் மடியில் போடவைத்தாள் அத்தை. பிறகு எல்லோரும் பலாச்சுளை தின்றோம். நல்ல இனிப்பு. இத்தனை வயதுக்குப் பிறகும் பலாப்பழத்தை நான் தொடுவதில்லை.

பழம் ஒன்றும் செய்யவில்லை. சரோஜா சித்தப்பாவுக்கு இரண்டாம் தாரமாக வந்து வருஷங்கள் போயின. சரோஜாவுக்கும் குழந்தை இல்லை. அப்போதாவது யாருக்காவது உறைத்திருக்க வேண்டும். தோலில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற வீட்டில் இது ஒருவருக்கும் தெரியவில்லை. இன்னொரு கோடையில் அத்தை இரண்டு பேரையும் ஈரப்புடவையோடு அதே மரத்தடியில் உட்காரவைத்தாள். அதற்குள் அவர்கள் அக்கா தங்கை போல ஆகியிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் கேட்கும்படி அத்தை சொன்னாள்: "ரெண்டும் மலடு. இன்னிக்கும் விழலன்னா மூணாவது பாத்துட வேண்டியதுதான்."

சரோஜா அழத் தொடங்கினாள். சித்தி எழுந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"ஏந்திரிடி. நம்ம கிட்ட ஒரு கொறையும் இல்ல" என்றவள் சித்தப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க வந்து உக்காருங்க. உங்க மடியில விழுதான்னு பாக்கலாம்."

மரத்தின் மேல் பாட்டு நின்றுவிட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சித்தப்பா முதல்முறையாகச் சித்தியை அடித்தார். முகத்தில், எல்லோருக்கும் முன்னால்.

அத்தோடு முடிந்தது. ஜோலார்பேட்டையில் ரயில் பாதை இரண்டு பக்கமாகப் பிரிகிறது. சித்தியின் பிறந்த ஊர் சேலம் பாதையில். உலராத புடவையோடு அவளை அந்த வண்டியில் ஏற்றிவிட்டார்கள். மாற்றுத்துணி மூட்டைகூட எங்களோடுதான் ஆம்பூருக்கு வந்தது. பெண்கள் பெட்டியின் ஜன்னலோரத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கையாட்டியது வீண்.

எங்கள் வண்டி வாணியம்பாடி தாண்டும்போது சரோஜா மெதுவாகக் கேட்டாள்: "அக்கா எப்போ வருவாங்க?"

அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, "யாரு?" என்றாள்.

இப்போது ஏலகிரிக்கு வளைந்து வளைந்து தார் ரோடு போகிறது. நாங்கள் ஏறிய பாதையில் முள் மண்டிவிட்டது. ஒருவன் இரண்டு பெண்டாட்டி கட்டினால் ஜெயில் என்று சட்டம் வந்துவிட்டது. ஆவாரம்பட்டை வாசனையும் போய், வேறு நாற்றம் வந்திருக்கிறது. எல்லாம் போகட்டும், நான் ஒன்றுக்கும் ஏங்கவில்லை. சித்தப்பாவும் அத்தையும் கூடத்தில் படமாக மாலையோடு தொங்குகிறார்கள். சித்திக்குப் படம் இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்று அவர்கள் யாரும் ஒரு நாளும் விசாரிக்கவில்லை. நான் வளர்ந்து, சொந்தமாக டிக்கெட் வாங்கிச் சேலம் வண்டியில் ஏறிப் போய்க் கேட்டபோது, அந்த ஊர்க்காரர்கள் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். தனம் அங்கே வந்து சேரவே இல்லையாம்.