கோச் மாமாவுக்குக் கட்டிய காப்பு

என் தாய்மாமாவை ஓயா என்கிற எங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவைக்க எங்கள் தோட்டத்து ஆட்கள் ஒரு சூழ்ச்சி செய்தார்கள். அதில் எனக்கும் பங்கு இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. நாடு கிரிக்கெட்டில் உலகக் கோப்பையை வென்று, ருவான்வெல்லைக் கடைத்தெருவில் மீன் விற்கிறவர்கூடப் பந்து வீசுகிற மாதிரியே கையைச் சுழற்றிக்கொண்டு நடந்தாரே, அதற்கு அடுத்த வருஷம். எங்கள் தோட்டத்துக்கு மட்டும் கிரிக்கெட் ஒட்டவில்லை. எங்களுக்குக் கால்பந்துதான். காரணம் மாமா.

மாமா ரப்பர் பால் வெட்டுகிற ஆள். விடியுமுன் கத்தியோடு மலையேறுவார். மதியம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சோற்றை விழுங்கினதும் பெரட்டுக் களத்துக்கு வந்துவிடுவார். காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்தக் களம்தான் பின்னேரம் எங்கள் மைதானம். மாமா வாலிபத்திலும் பெரிய ஆட்டக்காரர் இல்லையாம். "அண்ணனுக்கு ரெண்டு காலும் ஒண்ணோட ஒண்ணு கோவிச்சுக்கிட்ட மாதிரிதான் ஓடும்" என்று அம்மா சொல்லும். ஆனால் மற்றவர்களை ஆட வைக்கத் தெரிந்தவர். மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டுகிறவர்களைக் களத்திலும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார். முகம் தெரியாத கருக்கலில், சத்தத்தை வைத்தே பக்கத்து ஆள் எந்த மரத்தடியில் நிற்கிறான் என்று அறிகிறவன், திரும்பிப் பார்க்காமலே பந்தைக் கொடுப்பான் என்பது அவர் எண்ணம். அது தப்பவில்லை. மூன்று வருஷம் தொடர்ந்து சுற்றுவட்டாரத் தோட்டங்களின் கேடயம் எங்கள் ஆபீஸ் சுவரில்தான் தொங்கியது.

கோல் போட அவசரப்படுகிறவர்களிடம் அவர் சத்தம் போடமாட்டார். "மரத்தைப் புடிச்சு உலுக்குனா பால் வருமாடா? வெட்டிட்டு நில்லு. அதுவா சிரட்டைக்கு இறங்கும்" என்பார். பால் வெட்டுகிறவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த வேலைக்கெல்லாம் தோட்டம் அவருக்குக் கொடுத்தது என்னவென்றால், வெற்றி பெற்ற நாளில் ஒரு பிளேன் டீயும் ஒரு பணிஸும். மற்றபடி அவரும் மாமியும் இரண்டு பிள்ளைகளும் எல்லோரையும் போல லயத்து வரிசை வீட்டில், ஒரே அறைக் காம்பராவில் இருந்தார்கள்.

அந்த மாசி மாதம் ஓயாவுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துத் துரை மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். சிங்களவர், பந்துப் பைத்தியம். இரண்டு வருஷம் இறுதிப் போட்டியில் எங்களிடம் தோற்றதில் அவருக்குத் தூக்கம் போயிருந்தது. மாமாவுக்குக் கணக்கப்பிள்ளை வேலை தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு வீடு. இரண்டு அறை, தனிக் குசினி, வாசலிலேயே தண்ணீர்ப் பைப். பதிலுக்கு மாமா ஒன்றாம் திகதி வேலையில் சேர வேண்டும், அவர்கள் அணியைப் பழக்க வேண்டும். அந்த வருஷமும் இறுதிப் போட்டி அவர்களுக்கும் எங்களுக்கும்தான். ஒன்றாம் திகதி வியாழக்கிழமை, போட்டி அதற்கடுத்த ஞாயிறு. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா அவர்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வேண்டும்.

மாமா சரியென்று சொல்லிவிட்டு வந்தார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். யோசிக்கிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்ததாக மாமா சொன்னார். மாமிக்கு அந்த வித்தியாசமெல்லாம் இல்லை. அன்றைக்கே சட்டி பானையைக் கழுவிச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டது.

கோபம் வந்தது அணிக்குத்தான். அப்பா அணியில் பின்வரிசை ஆட்டக்காரர், மாரியம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவர். சித்தப்பா கோல்காப்பாளர். பால் நிறுக்கிற கொட்டகைக்குப் பின்னால் பின்னேரத்தில் எல்லோரும் குந்தியிருந்து பேசினதை, அப்பாவுக்கு வெற்றிலை கொண்டுபோன நான் கேட்டேன்.

"வேலைக்குப் போகட்டும், வேணாங்கல. ஆனா பைனல்ல அந்தப் பக்கம் குந்திக்கிட்டு, நம்ம பயலுகளுக்கு எந்தக் காலு வராதுன்னு அவனுங்களுக்குச் சொல்லிக் குடுப்பாரா?" என்றார் சித்தப்பா.

"காலைப் புடிச்சுக் கேட்டாச்சு. யோசிக்கிறேன், யோசிக்கிறேன்னே சொல்றாரு" என்றார் இன்னொருவர்.

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். முந்தின வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் திருவிழாவில் பிள்ளை பால்குடம் எடுக்கும் என்று அம்மா என் பேரில் நேர்ந்திருந்தது. அந்த வருஷத் திருவிழாவுக்குச் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. காப்புக் கட்டினவர்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடிகிற வரை ஒன்பது நாளைக்குத் தோட்டத்து எல்லை தாண்டக் கூடாது. வியாழனும் ஞாயிறும் அந்த ஒன்பது நாளுக்குள் வந்து விழுந்தன.

"பொம்பளப் புள்ள மொத தடவ காப்புக் கட்டுனா, தாய்மாமனும் கூட நின்னு கட்டணும்" என்றார் அப்பா.

"அப்புடி ஒரு வழக்கம் இருக்கா?" என்று சித்தப்பா கேட்டார்.

"இந்த வருஷத்துல இருந்து இருக்கு."

பூசாரியைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இருக்கவில்லை. அவருடைய மகன் அணியில் முன்வரிசைக்காரன். எனக்குக் கொடுத்த வேலை சின்னது. காப்புக் கட்டும்போது "மாமாவும் வந்தாத்தான் கட்டிக்குவேன்" என்று அடம்பிடிக்க வேண்டும். அழுதால் இன்னும் நல்லது என்றார் சித்தப்பா. நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். பள்ளிக்கூடம் ஓயாவுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் ஒன்பது நாளைக்கு எனக்கு லீவு என்ற சந்தோஷத்தை மறைக்கவும் அந்த அழுகை உதவியது.

மாமா கூட்டத்தில் பின்னால் நின்றார். அப்பா போய், "மச்சான், புள்ள அழுவுது. தாய்மாமன் கட்டணுமாம். வழக்கம்னு பூசாரி சொல்றாரு" என்றார். பூசாரி மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "ஆமா ஆமா" என்றார். மாமா அப்பாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடக்கிவிட்டு வலது கையை நீட்டினார். அவ்வளவுதான். சித்தப்பா எனக்குக் கண்ணடித்தார்.

பூசாரி மூன்றாம் முடிச்சைப் போட்டு முடிக்கிறவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கோயிலிலிருந்து இறங்கி வரும் வழியில் சித்தப்பா திடீரென்று நின்றார்.

"அண்ணே, பைனல் எங்க?"

"அவனுங்க கிரவுண்ட்ல."

"அப்ப நம்மளுக்குக் கோச்?"

போகிறவரை நிறுத்துகிற யோசனையில், நாங்களும் பாலம் தாண்டிப் போய்த்தான் ஆட வேண்டும் என்பது பெரியவர்கள் பதினாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திரும்பப் பூசாரியிடம் ஓடினார்கள். மாமாவுக்கு மட்டும் அவிழ்க்க வழியுண்டா என்று கேட்டார்கள். பூசாரிக்கு இப்போது பயம் வந்துவிட்டது. "நான் கட்டல. ஆத்தா கட்டுனது. அவகிட்டப் போய்க் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கோயில் கதவைச் சாத்தினார்.

மாமி அன்று எங்கள் வாசலில் வந்து நின்று பேசின பேச்சை முழுதாக எழுத முடியாது. "பதிமூணு வருஷமா அடுப்புப் பொகையும் புள்ளைங்க படிப்பும் எங்க ஒறக்கமும் அந்த ஒரே காம்பராவுக்குள்ள. ஒரு பைப்பு வாசல்ல வருதுன்னதும் ஒங்களுக்குக் கண்ணு எரிஞ்சிருச்சா?" என்று கேட்டது. தன் அண்ணன் வீட்டைத் தன் புருஷன் கெடுத்துவிட்டானோ என்ற கவலை அம்மாவுக்கும் இருந்தது. மாமா ஒரு கடிதம் எழுதி, பால் வண்டிக்காரர் கையில் அந்தத் துரைக்கு அனுப்பினார். வியாழக்கிழமை கடந்தது, பதில் வரவில்லை. வெள்ளி, சனி. வரவில்லை. மாமி கட்டின சாக்கை அவிழ்க்கவும் இல்லை. அதற்குள் போன சட்டிகளுக்குப் பதிலாக எங்களிடம் ஒன்றை இரவல் கேட்கவும் இல்லை. நான்கு நாளும் ஒரே சட்டியில் சமைத்தது.

ஞாயிற்றுக்கிழமை லயமே பாலம் தாண்டிப் போனது. காப்புக் கட்டினவர்கள் மட்டும் மிச்சம். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு எல்லைக் கல் இருக்கிற மலைக்கு ஏறினார். மற்ற மாதமென்றால் அங்கிருந்து இலையைத் தவிர ஒன்றும் தெரியாது. மாசியில் ரப்பர் மரம் மொட்டையாக நிற்கும். குச்சி குச்சியாய்த் தெரிந்த கிளைகளுக்கு நடுவில், ஓயாவுக்கு அந்தப் பக்கம் மைதானம் ஒரு பச்சைக் கைக்குட்டை மாதிரி விரிந்து கிடந்தது. சத்தம் காற்றடித்தால் வரும், இல்லாவிட்டால் வராது.

மாமா எல்லைக் கல்லில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டே பார்த்தார். எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பத்தாம் நம்பர்காரன் எடது காலை வீட்டுலயே வச்சிட்டு வந்திருக்கான்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அவனை ஓரத்துக்குக் கொண்டுபோனா நல்லா வருவான்" என்றார். பத்தாம் நம்பர்காரன் அவர்கள் ஆள்.

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க யாரு பக்கம் மாமா?"

"வாய மூடிக்கிட்டு மெச்சைப் பாரு புள்ள."

இரண்டாம் பாதியில் எங்கள் ஆள் ஒருவர், பின்னால் திரும்பாமலே பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட்டார். பூசாரி மகன் அங்கே நின்றான். கோல். மலையில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நிரைக்காரர்கள். நான் குதித்தேன். மாமா எழுந்தார். கைதட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து பீடியை எடுத்து, காப்பு ஞாபகம் வந்து, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த ஒரு கோலோடு போட்டி முடிந்தது. எங்கள் ஆட்கள் கேடயத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தொங்குபாலத்தில் வந்தார்கள். பாலம் ஊஞ்சல் மாதிரி ஆடியது. "கோச் இல்லாமலே அடிச்சோம்டா!" என்று சித்தப்பா கத்தியது மலை வரைக்கும் கேட்டது. நாங்கள் அங்கே நிற்பதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வா, பசிக்குது" என்றார் மாமா.

அதற்குப் பிறகு மாமாவைப் போகாதே என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அவர் இல்லாமலும் ஜெயிக்கலாம் என்று தெரிந்துவிட்டதே. திங்கட்கிழமை அந்தத் துரையின் பதில் பால் வண்டிக்காரர் வாயால் வந்தது. "கோவிலே வெட நங் கமக் நேஹெ" என்றாராம், கோயில் வேலையென்றால் பரவாயில்லை என்று. வியாழன் காலை வந்து சேரச் சொல்லியிருந்தார். தோற்ற பிறகு அவருக்கு மாமா இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டார் போலிருக்கிறது. மாமி அன்று எங்கள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் பாயாசம் கொடுத்தனுப்பியது. தான் நேரில் வரவில்லை.

புதன்கிழமை மஞ்சள் தண்ணீர் ஊற்றி, காப்பை அறுத்து ஓயாவில் விட்டோம். அடுத்த நாள் காலை சாமான் போனது. அப்பாதான் அலுமாரியை முதுகில் சுமந்தார். யாரும் கேட்காமலே வந்து சுமந்தார். நான் மாமா வீட்டுச் சுவர்மணிக்கூட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் பாலத்தில் நடந்தேன். மனசு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. பாலத்துக்கு நடுவில் சொல்லிவிட்டேன்.

"மாமா, தாய்மாமன் காப்புக் கட்டணும்னு ஒரு வழக்கமே இல்லையாம். அப்பா பொய் சொன்னாரு. நானும் பொய்யாத்தான் அழுதேன்."

மாமா நின்று சிரித்தார். "நான் பொறந்து வளந்த கோயிலு அது, புள்ள. அங்க என்னா வழக்கம் இருக்கு, இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் கைய நீட்டுனீங்க?"

"வியாழக்கிழமை போயிருந்தா, ஞாயித்துக்கிழமை நான் எந்தப் பக்கம் குந்தியிருப்பேன்? போகமாட்டேன்னு சொல்லியிருந்தா, ஒங்க மாமி மூஞ்சிய நான் எப்புடிப் பாத்திருப்பேன்? ஒங்கப்பா கயித்தோட வந்து நின்னாரு. நான் கையக் குடுத்தேன். மணிக்கூட்டைப் பாத்துப் புடி, விழுந்துறப் போவுது."

ஏமாந்ததை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு மாமா கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பெரியவர்களும் இப்படிச் சமாளிப்பார்கள் என்று கண்டுபிடித்த பெருமை வேறு. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஓடினேன். அப்பா லயத்துப் பொதுப் பைப்படியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மாமா பொய் சொல்றாரு. அவருக்கு அப்பவே எல்லாம் தெரியுமாம்."

அப்பா குனிந்தபடியே நின்றார். "என்னா சொன்னாரு? அப்புடியே சொல்லு."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். அப்பா நிமிரவில்லை. கழுவின காலிலேயே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவருக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, முதலிலிருந்து மறுபடியும், இந்தத் தடவை சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன்.