கேரலுக்குச் சுட்ட பிஸ்கட்

"காலேஜு படிச்சுப்போட்டு பிஸ்கட்டுச் சுடறேங்கறயே கண்ணு, இது ஆகற காரியமா?"

அப்பா இதைக் கோபமாகக் கேட்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து, ஸ்வெட்டரைக் கூடக் கழற்றாமல், டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்தவள் நான்தான். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்று, பிறகு கொழுந்து பறிக்கப் போனவர். அப்பா பள்ளிக்கூடத்துக்குள் போனதே என்னைச் சேர்க்கத்தான். குன்னூருக்குக் கீழே உள்ள எங்கள் எஸ்டேட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஊட்டிக்குப் போய் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கினேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சம் வருவதில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது.

திருப்பூரில் இருக்கும் மாமா, தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் ஆபீஸில் எனக்கு ஓர் இடம் பேசி வைத்திருந்தார். ஜனவரியில் சேர வேண்டும், ஹாஸ்டலில் தங்க வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் எனக்குச் சுடுவது பிடித்துப்போயிருந்தது. அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு அக்கா. எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவர். அவர் வீட்டில் ஒரு சின்ன மின்சார ஓவன் உண்டு. கல்லூரி விடுமுறைகளில் நாங்கள் இருவரும் அதில் கேக்கும் பன்னும் செய்து பார்த்து, பாதியைத் தின்று, மீதியை எங்கள் லைனில், எஸ்டேட் தொழிலாளர்களுக்கான அந்த வரிசை வீடுகளில், கொடுப்போம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சர்ச்சிலிருந்து கேரல் பாடுகிறவர்கள் எங்கள் லைனுக்கு வருவார்கள். வாசலில் சிலுவை இருக்கிற வீடு, முருகன் படம் இருக்கிற வீடு என்று பார்க்க மாட்டார்கள். எல்லா வாசலிலும் நின்று பாடி, அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது குன்னூர் பேக்கரி ஒன்றிலிருந்துதான் வரும். கடந்த ஆண்டு அக்கா, சர்ச் மாதர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, எங்கள் லைன் பெண்ணே சுட்டுத் தருவாள் என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்காமலேயே சொன்னார். அவர்களும் சரி என்றுவிட்டார்கள்.

நான் அப்பாவிடம் ஒன்று சொன்னேன். இந்தப் பிஸ்கட் நன்றாக வந்து, குறை சொல்லாமல் சர்ச்சில் வாங்கிக்கொண்டால் நான் இங்கேயே இதைத் தொழிலாகச் செய்கிறேன். வரவில்லையென்றால் மறு பேச்சில்லாமல் திருப்பூர் பஸ் ஏறுகிறேன். அப்பா தலையை ஆட்டினார். டிசம்பர் தொடங்கியிருந்தது.

முதல் தட்டு வெளியே வந்தபோது பிஸ்கட் என்று சொல்ல ஒன்றும் இல்லை. உருண்டை உருண்டையாக வைத்தவை எல்லாம் ஓடிக் கலந்து ஒரே பரப்பாகக் கிடந்தன. அக்கா கரண்டியால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைப் பிஸ்கட்டுன்னு குடுக்கறதா, தோசைன்னு குடுக்கறதா பாப்பா?" என்று கேட்டார். உதிர்ந்ததை அம்மா அப்பாவின் டிபன் பாக்ஸில் போட்டுவிட்டார். தொழிற்சாலையில் யாரோ தின்றுவிட்டு, உங்க மகள் ரொட்டிக்கடை எப்போ திறக்கிறாள் என்று கேலி செய்தார்களாம். அப்பா அதை வீட்டில் வந்து சிரிக்காமல் சொன்னார்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்கச் சில நாட்கள் ஆயின. நான் போனில் பார்த்த செய்முறை, வெண்ணெயை வெளியே எடுத்து வைத்தால் அரைமணியில் இளகிவிடும் என்றது. அது சமவெளி ஊர்ப் பேச்சு. எங்கள் ஊர் டிசம்பரில் வெண்ணெய் நாள் முழுக்க மேசையில் இருந்தாலும் செங்கல்லாகத்தான் இருக்கும். இங்கே எல்லா வீட்டிலும் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்பு மேடையின் ஓரத்தில்தான் வைப்போம். இல்லாவிட்டால் தலைக்குத் தேய்க்க எண்ணெய் வராது. நானும் யோசிக்காமல் வெண்ணெயை அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அது இளகவில்லை, உருகியது. எடுத்து வைத்த சிறிது நேரத்தில் குளிரில் மறுபடி உறைந்து, பார்வைக்கு நல்ல வெண்ணெய் போல இருந்தது. ஆனால் உருகி உறைந்த வெண்ணெயைச் சர்க்கரையோடு எவ்வளவு அடித்தாலும் காற்று உள்ளே நிற்காது. சூடு பட்டதும் மாவு ஓடிவிடும்.

பிறகு வெண்ணெயைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கிண்ணத்தோடு துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடம்புச் சூடே போதுமானதாக இருந்தது. விரலை வைத்தால் பள்ளம் விழ வேண்டும், விரல் பளபளக்கக் கூடாது. பிசைந்த மாவைக் குளிர வைக்க எங்களிடம் ஃப்ரிட்ஜ் இல்லை. ஜன்னல் திண்டில் மூடி வைத்தேன், இந்த ஊர் பார்த்துக்கொண்டது.

பிஸ்கட் ஓடுவது குறைந்தது. ஆனால் புஸ்ஸென்று எழும்பி, நடுவில் அமுங்கியது. அதற்கு என் படிப்பு கைகொடுத்தது. மலையில் காற்றழுத்தம் குறைவு. அதனால்தான் குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேகாது. அதே காரணத்தால் மாவில் போடும் சமையல் சோடாவிலிருந்து வரும் வாயுவும் இங்கே அதிகமாக விரியும். சோடாவைப் பாதிக்கும் கீழே குறைத்தேன், சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்து மைதாவை ஒரு கை கூட்டினேன். அடி கருகியதற்கு, தட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு வைத்தேன். ஒரு மதியம் வெளியே வந்த தட்டில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து இருந்தது. அக்கா ஒன்றை உடைத்துச் சத்தத்தைக் கேட்டார். உடனே இன்னொன்றை எடுத்தார்.

எல்லாவற்றையும் சுட்டு, ஆறவைத்து, டின்களில் அடுக்கினேன். கேரலுக்கு முந்தைய நாள் பொட்டலம் கட்டலாம் என்று டின்னைத் திறந்தேன். வாரம் முழுக்க மழையும் மூடுபனியுமாக இருந்திருந்தது. பிஸ்கட்டுகள் நனைந்த அட்டை போல வளைந்தன. டின்னின் மூடி எங்கேயோ இறுகாமல் இருந்திருக்கிறது.

மதியச் சோற்றுக்கு வந்திருந்த அம்மா தலைமுக்காட்டைக் கூட அவிழ்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்தது. நமுத்த பிஸ்கட்டை மறுபடி மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் ஈரம் போய் மொறுமொறுப்பு திரும்பிவிடும். ஆனால் காலையிலேயே எங்கேயோ மரம் விழுந்து கரண்ட் போயிருந்தது. அது வந்தபோது நான்கு மணி.

நான்கு மணி என்றால் எங்கள் லைனில் ஓர் அர்த்தம் உண்டு. கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் நனைந்து வீடு திரும்பும் நேரம் அது. விறகெல்லாம் ஈரமாக இருக்கும் மாதத்தில், வந்ததும் முதல் வேலை வெந்நீருக்கு வாளியில் ஹீட்டரைப் போடுவதுதான். லைன் முழுக்க ஹீட்டர் ஓடினால் கரண்ட் இறங்கிவிடும். அக்காவின் ஓவனில் சூடு ஏறியதும் அணைய வேண்டிய சிவப்பு விளக்கு அணையவே இல்லை. உள்ளே கம்பி மங்கலாக இருந்தது. கையை விட்டால் வெதுவெதுப்பு மட்டும்தான். விடிந்ததும் பொட்டலம் கட்டிச் சர்ச்சில் கொடுத்தாக வேண்டும்.

திருப்பூர் ஹாஸ்டலுக்கு என்ன எடுத்துப் போக வேண்டும் என்று கூட அந்த நிமிடத்தில் யோசித்துவிட்டேன்.

அப்பா அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தார். சிவப்பு விளக்கு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவர். ஒரு பிடி உப்பு வேண்டுமென்றாலும் அம்மாதான் போவார். நான் ஓவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் கம்பி பிரகாசமானது. பிறகு சிவப்பு விளக்கு அணைந்தது.

அவர் என்ன சொன்னார் என்பது, பின்னாலேயே வந்த பெண்கள் சொல்லித்தான் தெரியும். ஈர உடுப்பை மட்டும் மாற்றிக்கொண்டு, காலில் சேறோடு, நான்கைந்து பேர் அக்காவின் சமையலறைக்கு வந்துவிட்டார்கள். அப்போது லைனில் சூடாக இருந்தது அந்த ஓவன் ஒன்றுதான்.

"உங்கப்பாரு இத்தன வருசத்துல எங்கூட்டு வாசல்ல வந்து நின்னதில்லீங்க கண்ணு. யாரோ செத்துப்போயிட்டாங்கன்னே நெனச்சேன்," என்றார் ஒருவர். "எம்புள்ளைக்கு ஒரு மணி நேரம் கரண்டு குடுங்கங்கறாரு."

"சீக்கிரம் சுட்டுப்போடு சாமி, எங்க எலும்பு ஆடுது," என்றார் இன்னொருவர், கைகளை ஓவன் பக்கம் நீட்டிக்கொண்டு.

மலைச்சரிவில் மழையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வாளி வெந்நீர் என்ன என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் விரல்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதைத்தான் அவர்கள் தள்ளி வைத்திருந்தார்கள். தட்டுத் தட்டாக வெளியே எடுத்து, ஆறவைத்து, ஈரம் இழுக்க அரிசி முடிச்சு போட்ட டின்களில் அவர்களே அடுக்கித் தந்தார்கள். அம்மா மூடியைச் சுற்றித் துணி கட்டினார். கடைசித் தட்டு வந்ததும் அப்பா மறுபடி குடையோடு வெளியே போய், எல்லோரும் ஹீட்டர் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் மாலை கேரல் பாட வந்தவர்கள் எங்கள் வாசலில் நின்றார்கள். எதிர்வீட்டுக் குழந்தை பொட்டலத்தைப் பிரித்து உடனே ஒன்றைக் கடித்தது. பாட்டுக்கு நடுவிலும் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. மாதர் சங்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் வந்து, ஈஸ்டருக்குப் பன்னும் சுட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, "முடியுமுங்க," என்றார்.

நான் படித்தவள் என்ற பெருமை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை யாருக்காகவும் விடப் போவதில்லை. சோடாவையும் வெண்ணெயையும் சரி செய்ய அது போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த நான்கு மணியைக் கடக்க எனக்கு ஒரு லைனே தேவைப்பட்டது. அந்த வீடுகளுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனைச் சொல்லித் தீர்க்க முடியாது.

அந்தத் திருப்பூர் வேலைக்கு வேறு யாரையாவது எடுத்துக்கொள்ளும்படி மாமாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். கீழே பஜாரில், தையல்கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். அதைப் பார்க்கப் போனபோது முதலில் கேட்டது தனி மீட்டர் உண்டா என்றுதான். உண்டு. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பழைய ஓவன் ஒன்றை இறக்கியாயிற்று. போன திங்கட்கிழமையிலிருந்து அங்கேதான் சுடுகிறேன்.