வாய்க்கால் இருந்த பக்கம்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மனுநாள் என்றால் மூச்சுவிட நேரமிருக்காது. பட்டா, முதியோர் பென்ஷன், சுடுகாட்டுப் பாதை, எதைச் சொன்னாலும் உட்கார்ந்த இடத்தில் மனு அடித்துக் கொடுத்துவிடுவேன். ஊர்க் குறையெல்லாம் எழுதுகிறவன் என் குறையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. என் குறை, என் தம்பி.

அப்பா போன பிறகு நிலத்தைப் பாகம் பிரித்தோம். எங்கள் வழக்கத்தில் அண்ணன் பிரிப்பான், தம்பி முதலில் எடுப்பான். அண்ணன்காரன் ஏமாற்றக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. ரோட்டை ஒட்டிய கிழக்குப் பாதியை வெறும் மேட்டு நிலமாக வைத்தேன். ஏரிக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால், கிணறு, களம், புளியமரம் எல்லாவற்றையும் மேற்கே தள்ளினேன். அவனுக்குத் தண்ணீர்தான் கண்ணில் படும் என்று எனக்குத் தெரியும்.

"எனக்கு வாய்க்கா பக்கமே போதும்ணா" என்றான். ரோட்டோரம் கீழே கடை, மேலே வீடு என்று கட்ட வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அப்புறம்தான் எங்கள் பக்கம் சின்னதாக ஒரு விமான நிலையம் வரலாம் என்று பேச்சு கிளம்பியது. விமானமும் கிரிவலம் மாதிரி மலையைச் சுற்றி வந்துதான் இறங்கணுமாம் என்று டீக்கடையில் கிண்டலடித்தார்கள். சர்வேக்காரர்கள் வந்து கல் நட்டு சிவப்பு பெயிண்ட் அடித்தார்கள். எங்கள் நிலத்தில் விழுந்த அத்தனை கல்லும் தம்பி பாகத்தில். என் பக்கம் ஒரு கல்கூட விழவில்லை.

என் மனைவி சும்மா இருப்பாளா? "உங்க தம்பி வூட்டு வாசல்ல ஏரோப்ளேன் நிக்கப் போவுதாம். நமக்கு மினி பஸ்ஸே நிக்கறதில்ல" என்றாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கலெக்டர் ஆபீசில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். அதற்கான படிவங்களை ஜெராக்ஸ் எடுத்ததே நான்தான். கட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் நின்றேன். அதிகாரி தம்பியைப் பார்த்து, "நிலத்துக்காரர் நீங்கதானுங்களா? முன்னால வந்து உக்காருங்க" என்றார். கைவைத்த நாற்காலி, தண்ணீர் பாட்டில், டீ. இருபது வருஷமாக அந்த வளாகத்தில் அலைகிறேன், எனக்கு ஒரு நாள்கூட ஒரு ஸ்டூல் போட்டதில்லை.

அதிகாரி திரையில் படம் காட்டினார். ஓடுபாதையின் நீளத்திலிருந்து சுற்றியுள்ள கட்டடங்களின் உயரம் வரை டெல்லியில் பார்த்து அனுமதி கொடுத்தால்தான் லைசென்ஸ் என்றார். "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்குதுங்களா?" என்று தம்பியைக் கேட்டார். அவன் எழுந்து கும்பிட்டான். "பெரியவங்க பார்த்துச் செய்யுங்க சார்" என்று மட்டும் சொன்னான். எவ்வளவு திமிர் பார் என்று நினைத்தேன். பொறாமைதான், வேறு பேர் வைக்க மாட்டேன்.

மறுநாள் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு மனு அடித்தேன். அந்த நிலத்தின் குறுக்கே ஏரிக்கு நீர் வரும் வாய்க்கால் போகிறது, அதன்மேல் ஓடுபாதை போட்டால் ஏரி வறண்டுவிடும், பழைய வரைபடத்தைச் சரிபார்க்கவும். பெயர் போடவில்லை. பொதுநலன் கருதும் குடிமகன் என்று முடித்துத் தபாலில் போட்டேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒரு மனு எழுதியதில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். வாய்க்காலை நெடுகிலும் நடந்தே பார்த்தார்கள். வாய்க்காலைத் தொடக்கூடாது என்று முடிவாகி ஓடுபாதையைக் கிழக்கே நகர்த்தினார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், சிவப்புக் கல் வரிசையாக என் நிலத்தில் நிற்கிறது. கடையும் வீடும் வரவேண்டிய இடத்தில் மூன்று கல். அவன் நிலத்திலேயே வந்திருந்தால் அந்த விமான நிலையத்துக்கு வாசல் என் ரோட்டோரமாகத்தான் இருந்திருக்கும். எரிச்சலில் அது மண்டையில் ஏறவில்லை.

திங்கட்கிழமை, கூட்டம் குறைந்த நேரத்தில் தம்பி கடைக்கு வந்தான். கையில் ஒரு பை நிறைய வேர்க்கடலை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கல்லு நட்டதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லணா. அவ்ளோ பெரிய ஆபீசருங்க முன்னால வாயே வரல. யாரோ ஒரு மகராசன் வாய்க்கா இருக்குதுனு எழுதிப் போட்டு என் நிலத்தக் காப்பாத்திட்டான். ஆருனு தெரிஞ்சா கால்லயே வுழுவேன்."

நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப உன் நிலத்துல நட்டுட்டாங்கனு கேட்டதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல. அதே மாதிரி உனுக்கும் ஒண்ணு அடி. நீ எழுதாத மனுவா? நானும் கையெழுத்துப் போடறேன்" என்றான்.

பெறுநர், மாவட்ட ஆட்சியர் என்று அடித்தேன். பொருள் என்று அடித்தேன். அதற்குமேல் விரல் நகரவில்லை.

தம்பி கடலையை உரித்து என் பக்கம் நகர்த்தி வைத்தான். "நல்லா யோசிச்சுப் பாருணா. வாய்க்காலோ கிணறோ மரமோ, உன் பக்கம் ஏதாவது இருக்கும்" என்றான்.

என் பக்கம் ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம் அவன் பக்கம் தள்ளியது நான்தான்.