இரண்டுக்கு மேல் கிடையாது

நஸ்ருன்னிசா கட்டளையை அடித்து முடித்ததும் உடனே என்டர் தட்டமாட்டார். திரையில் விரல் வைத்து ஓர் எண்ணை மட்டும் மறுபடி பார்ப்பார். இரண்டு. பிறகுதான் தட்டுவார். அமெரிக்கப் பதிப்பகம் ஒன்றின் ஃபோல்டர்கள், வைத்த வரிசை குலையாமல், தி. நகரில் இரண்டாவது மாடியிலிருக்கும் எங்கள் அச்சுக்கோப்பு அலுவலகத்தில் இறங்கத் தொடங்கும். ஒரே சமயத்தில் இரண்டு ஃபைல்கள். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது உள்ளே வரலாம்.

இணைப்பு சாதாரண டெலிபோன் லைன். பக்கத்து அறையில் யாராவது ரிசீவரை எடுத்தால் அறுந்துவிடும். அதனால் நஸ்ருன்னிசா காலையில் வந்ததும் அந்த ரிசீவரின் மேல் தன் குடையைப் படுக்க வைத்துவிடுவார். மழை நாளிலும் குடை அங்கேதான்.

மானேஜர் வெங்கடரமணனுக்கு இந்த இரண்டு பிடிக்கவில்லை. “ஏம்மா, ரெண்டு ரெண்டா எதுக்கு இழுத்துண்டிருக்கே? பத்து போட்டா அஞ்சு மடங்கு சீக்கிரம் வருமோன்னோ?” என்றார்.

“இந்த லைனு ஒரே தண்ணிக் கொயா மாரி சார். ஒரு கொடத்த எடுத்து இன்னொண்ணு வைக்கிற கேப்ல தண்ணி வீணாப் போவுது, அதுக்குத்தான் ரெண்டு. பத்து வச்சா எதுவும் ரொம்பாது.”

ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று இணைப்புக்கு மேல் அந்தப் பக்கம், பதிப்பகத்தின் கணினி, தராது என்பதையும் நஸ்ருன்னிசா சொன்னார். மானேஜர் தலையாட்டிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு நஸ்ருன்னிசா சாப்பிடப் போன நேரத்தில், ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, இரண்டை அழித்துப் பத்து போட்டார் அந்த மனிதர். அந்தப் பக்கம் கதவைச் சாத்திவிட்டது; அன்று முழுக்கத் திறக்கவில்லை. வந்த ஃபைல்களும் அரைகுறை. முப்பது பேர் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். மாலையில் மெமோ வந்தது. யாருக்கு? நஸ்ருன்னிசாவுக்கு. ‘கவனக்குறைவு. எழுத்தில் விளக்கம் தரவும்’ என்று. அடுத்த மாதம் அவர் வேலை நிரந்தரமாக வேண்டும். மெமோ ஏறினால் அவ்வளவுதான். பத்து போட்ட அதே கை கூசாமல் கையெழுத்தும் போட்டிருக்கிறது.

நஸ்ருன்னிசா, கணினி தானாக எழுதி வைக்கும் பதிவை அச்செடுத்தார். மணி 1.10, எண் பத்து. அந்த வரியின் கீழே கோடு போட்டு, மெமோவோடு பின் குத்தி மானேஜர் மேஜையில் வைத்தார்.

“இதுக்கு மேல நா இன்னா சார் எழுதறது?”



மறுநாள் மதியம் ஒரு மணி. ஃபைல்கள் இரண்டிரண்டாக வந்துகொண்டிருந்தன. நஸ்ருன்னிசா எழுந்தார். கணினிக்குப் பின்னால் கைவிட்டுக் கீபோர்டைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, டிபன் பாக்ஸோடு கூடையில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.