சீசனுக்கு ஒரு ஹெலிகாப்டர்

என் மனைவியின் தம்பி ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன். மதுரையில் விமானத்தில் வந்திறங்கும் பணக்காரர்களைச் சீசன் நேரத்தில் வான்வழியாகவே குற்றாலத்துக்குக் கூட்டிவர வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காகப் புளியறையில் தனக்கிருந்த ஒரே தென்னந்தோப்பை விற்கப் பேசி முடித்திருந்தான். உறவில் யார் பழைய கார் வாங்கினாலும் நான்தான் போய்ப் பார்ப்பேன் என்பதால், பழைய ஹெலிகாப்டர் பார்க்கவும் என்னையே பெங்களூருக்கு அழைத்துப் போனான்.

"அத்தான் சரின்னு சொன்னா அட்வான்ஸ் குடுத்திருவேன்" என்றான்.

நானும் முறையாகத்தான் பார்த்தேன். எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, மேலே சுழலும் இறக்கைகளை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டேன். தரையில் துண்டை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து, அடிப்பாகத்தில் துரு தேடினேன். ஒவ்வொரு இருக்கையிலும் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு அவிழ்த்தேன். கதவை நாலு தடவை அறைந்து சாத்தி, சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினேன். அந்தச் சத்தத்திலிருந்து என்ன தெரிந்துகொண்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

விற்பவரின் பைலட் சென்னைக்காரர். பேச்சுவாக்கில், "குற்றாலத்துல சீசன்னா எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டார்.

தென்காசிக்காரனிடம் கேட்கக் கூடாத கேள்வி. ஆனி பிறந்தால் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று ஆளைத் தள்ளும் என்று ஆரம்பித்தேன். மேகம் மலையை விட்டு ரோட்டுக்கே இறங்கிவிடும், பட்டப்பகலில் பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வரும், அருவிச் சத்தம் கேட்குமே தவிர அருவி தெரியாது என்று கையை வீசிக் காட்டினேன்.

"சாரலையும் சொல்லுங்க அத்தான்" என்று மைத்துனன் எடுத்துக் கொடுத்தான். அதையும் சொன்னேன்.

பைலட் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இதை எங்க சார் இறக்குறது? மலை கண்ணுக்குத் தெரியணுமே. மத்த மாசத்துல ஓட்டலாம்" என்றார்.

"மத்த மாசம் அருவியில தண்ணியே இருக்காது. எவன் வருவான்?" என்றேன், அப்போதும் ஊர்ப் பெருமை குறையாமல். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது.

வெளியே வந்ததும் மைத்துனன் முறைத்தான். "கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருந்திருக்கலாம்லா அத்தான்?"

"இருந்திருந்தா நீ வாங்கியிருப்பியே மாப்ள."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

சொல்லிவிட்டு, தோப்பை வாங்கவிருந்தவருக்குப் போன் போட்டான்.

"அண்ணாச்சி, தோப்பு குடுக்கல... ஆமா, அத்தான் பாத்துட்டாக. வண்டியில ஒரு கொறையும் இல்ல. நம்ம ஊருதான் சரியில்லையாம்."