திருவொற்றியூரில் முந்நூறு சோப்புப் பெட்டி

காலை மணி ஆறு. எழும்பூரில் இறங்கியபோது கையில் ஒரு பை, பையில் இரவு எட்டரை வண்டிக்கான டிக்கெட். நாளை மறுநாள் கும்பகோணத்தில் என் மகள் காமாட்சிக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவனுக்கு இந்த நேரத்தில் சென்னையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் என் வாய்தான் காரணம். பாத்திரக்கடை வைத்திருப்பவன் என்பதால் நான் தாம்பூலப் பையில் ஒரு பித்தளைக் கிண்ணமாவது போடுவேன் என்று மாயவரத்துச் சம்பந்தி எதிர்பார்த்தார். "கிண்ணம் எல்லாரும் கொடுப்பார்கள். உங்கள் ஊர் கண்ணால் பார்க்காத பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி கொடுக்கிறேன்" என்று சவடால் அடித்துவிட்டேன். திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் முந்நூறு பெட்டிக்குச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. சரக்கும் வரவில்லை, கடிதாசுக்குப் பதிலும் இல்லை. ஆகவே நானே புறப்பட்டேன்.

பாரிமுனையில் மாறி, ராயபுரத்துக்கு டிராமில் இரண்டணா. அங்கிருந்து திருவொற்றியூர் மூன்று மைலுக்குக் கொஞ்சம் மேல். ஜட்கா பன்னிரண்டணா. காசிமேட்டைத் தாண்டும்போது மீன் வாடைக்கு மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நாங்கள் சைவம். சம்பந்தி வீட்டிலோ வெங்காயத்தைக்கூட வாசலோடு நிறுத்தி வைப்பவர்கள்.

வண்டிக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "இன்னா நைனா, இதுக்கே இப்டி ஆயிட்ட? ரெண்டு நாளு இங்க கெட, மூக்கு தானா பழகிடும்."

எட்டு மணிக்குப் பட்டறை வந்து சேர்ந்தேன். கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. முதலாளி காதர் சாயபு, வண்ணாரப்பேட்டைக்காரர். அவரே முதலாளி, அவரே மெஷின்காரர். பெட்டி ஓரத்துப் பிசிறு வெட்டவும் மற்ற வேலைக்கும் மேரி என்று ஒரு அம்மாள்.

"வாங்கண்ணே, குந்துங்க" என்றார் சாயபு. முகத்தில் களை இல்லை. மூலையில் முந்நூறு பெட்டியும் ரோஜா நிறத்தில் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். மேலெல்லாம் வெள்ளி வெள்ளியாகக் கோடு.

"ஒரு வாரமா வெயிலே இல்லண்ணே. கடல் காத்துல கீற ஈரத்தையெல்லாம் பிளாஸ்டிக் தூளு குடிச்சிடுச்சு. ஈரத் தூள உருக்குனா இப்டித்தான் கோடு வுழும். இத எப்டி உங்களுக்கு அனுப்புறது, இன்னான்னு எழுதறதுன்னு பேஜாரா பூட்ச்சு."

 மாயவரம் முழுவதும் கைகொட்டிச் சிரிப்பது காதில் கேட்டது. சாயபு என் தோளைத் தட்டினார். "இன்னிக்கு வெயிலு வந்துகீது பாருங்க. எல்லாத்தையும் ஒடச்சிப் புதுசா அடிச்சிடலாம்."

உடைந்த பெட்டி மறுபடி பெட்டியாகுமா என்று கேட்டேன். இந்த வகைப் பிளாஸ்டிக் ஆகும் என்றார். மின்சார ஸ்விட்ச் செய்கிற பேக்லைட் ஒருமுறை வெந்து இறுகினால் அதோடு சரியாம், பிறகு உருகாது. இது எத்தனை முறை சுட்டாலும் இளகும். பழைய பித்தளையை உருக்கி வார்ப்பதை நித்தம் பார்க்கிற எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இதில் ஒரு எண்ணெயும் கலந்திருக்கிறதாம். அது இல்லாவிட்டால் பெட்டி அப்பளம்போல நொறுங்கிவிடும் என்றார்.

கையால் சுற்றுகிற அரவை மெஷினில் நானும் மேரியும் மாறி மாறி அரைத்தோம். தூளைக் காயவைக்க இருந்த தகரத் தட்டுகள் போதவில்லை. மேரி வீட்டுக்கு ஓடி நாலு கோரைப்பாய் கொண்டுவந்து உதறி, கடற்கரை மணலில் விரித்தாள். பன்னிரண்டு மணிவரை நல்ல வெயில். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காக்காய் ஓட்டினேன்.

பிறகு மெஷின். மேலே ஒரு புனல், அதில் தூளைக் கொட்டுகிறார்கள். சூடான குழாய்க்குள் அது பாகாக உருகுகிறது. ஆள் உயரக் கைப்பிடியைச் சாயபு உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்ததும், பாகு இரும்பு அச்சுக்குள் பாய்கிறது. நிமிஷத்துக்கு ஒரு பெட்டி. அச்சைத் திறந்தால் மூடியும் அடியும் ஜோடியாக வெளியே வருகின்றன, ஒரு கோடு இல்லாமல்! நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பதினேழு பெட்டி இழுத்தேன். அந்தச் சந்தோஷத்தைக் கடையில் உட்கார்ந்து ஒருநாளும் நான் கண்டதில்லை.

நடுவில் யாரோ எதையோ வறுக்கிற வாடை வந்தது. பக்கத்து வீட்டுச் சமையலாக இருக்கும் என்று துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு இரண்டு சாக்கு நிறையப் பெட்டிகளோடு ஜட்கா ஏறினேன். டோல்கேட்டில் குதிரைக்குத் தண்ணீர் காட்ட வண்டி நின்றது. எங்கிருந்தோ ஒரு பூனை தாவி ஏறிச் சாக்கைப் பிறாண்டியது. விரட்டினால் போகவில்லை. இன்னொன்றும் வந்தது.

"சாக்குல இன்னா நைனா, கருவாடா?" என்றான் வண்டிக்காரன்.

ஒரு பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை, கருவாடுதான். வெங்காயம் தொடாத சம்பந்தியம்மாள் குளிக்கப் போய் இதைத் திறக்கிற காட்சி கண்முன் வந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

சாயபு மோந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெர்லியேண்ணே." மேரியும் மோந்தாள். "வாசனயே இல்லியே நைனா" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யே, அந்தப் பாயி நேத்து சென்னாக்குன்னி காயப்போட்டதாச்சே. நா ஒதறிட்டுத்தானே விரிச்சேன்." சென்னாக்குன்னி என்கிற பொடி இறாலின் தூள் பிளாஸ்டிக்கோடு கலந்து வெந்திருக்கிறது. இரண்டு நாளில் பழகிவிடும் என்று காலையில் வண்டிக்காரன் சொன்னானே, இவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே பழகிய மூக்கு.

மேரியைத் திட்டித் தீர்த்துவிட வாயெடுத்தேன். அவள் கண்ணில் நீர். "எம் பொண்ணு கல்யாணத்துல இப்டி ஆயிருந்தா நா அழுதே செத்திருப்பேன் நைனா" என்றாள். பிறகு என்னத்தைத் திட்டுவது? மறுபடி அரைத்துச் செய்ய வெயிலும் இல்லை, நேரமும் இல்லை.

"எந்திரிங்கண்ணே" என்றார் சாயபு. "வண்ணாரப்பேட்டயில எங்க மச்சான் அத்தர் கட வச்சிகினுகீறாரு."

மூவரும் சாக்குகளோடு அதே வண்டியில் போனோம். அத்தர் கடைத் தரையில் உட்கார்ந்து, பஞ்சு கிள்ளி, மல்லிகை அத்தரில் தோய்த்து, முந்நூறு பெட்டியிலும் வைத்து மூடினோம். மேரியின் கைதான் எல்லாரையும்விட வேகம். ஏழே முக்காலுக்கு முடிந்தது. வண்டி ஏறும்போது அவள் ஓடிவந்து, "பொண்ணு நல்லா இருக்கும் நைனா" என்றாள். இந்த ஊர் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவன், துண்டை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியாமல் திரும்பினேன்.

கல்யாணத்தில் பெட்டியைத் திறந்தவர்கள் எல்லாம் வாசனையில் மயங்கினார்கள். பிளாஸ்டிக்கே மணக்கிறதே என்று சம்பந்தி ஊரெல்லாம் சொன்னாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் காமாட்சியின் கடிதம் வந்தது. "அப்பா, எங்கிருந்தோ ஒரு பூனை வந்து குளியலறை வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறது. நான் வந்த நேரம் வீட்டுக்கு லட்சுமி வந்திருக்கிறாள் என்று மாமியார் தினமும் அதற்குப் பால் ஊற்றுகிறார். என்மேலும் ஒரே பிரியம்."

அதை நான் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் கிணற்றடியில், என் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், இரண்டு பூனைகள் உட்கார்ந்திருந்தன. மாமியார் சொல்வதே சரி, பால் மட்டும் தவறாமல் ஊற்றச் சொல் என்று பதில் எழுதினேன்.