அண்ணனும் ஐந்து வருடக் காந்தளும்

ஆண்டவர் அண்ணனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு நிறைகிறது. "உங்க அண்ணனப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதுங்க" என்று அண்ணி என் கையில் தாளைக் கொடுத்தார். நல்ல வார்த்தைக்குக் குறைவில்லை. ஆனால் இந்த நினைவு மலரை வாங்கிப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பொறுமையை அண்ணன் சோதித்ததுபோல வேறு யாரும் சோதித்ததில்லை.

அண்ணன் பிறந்தது நத்தத்தில். அப்பா பிழைப்புக்காகத் திண்டுக்கல்லுக்குக் குடிவந்த மூன்றாம் வருடம் அம்மா காலமானார். அதன்பிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது அண்ணன்தான். படித்து வாத்தியார் வேலைக்குப் போனார். தாடிக்கொம்பு சாலையில் இருந்த ஒன்றரை ஏக்கர் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார். கணவரை இழந்து கைக்குழந்தையோடு நான் வந்து நின்றபோது அண்ணனும் அண்ணியும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இதை எழுதும்போது கண் கலங்குகிறது. அதனால் காந்தளுக்கு வந்துவிடுகிறேன். அதை நினைத்தால் கண்ணீர் நின்று எரிச்சல் வந்துவிடும்.

தோட்டத்தைச் சுற்றிப் பழைய கிளுவை வேலி இருந்தது. அதில் செங்காந்தள் தானாகவே படர்ந்து ஐப்பசியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். கம்பி வேலி போட்டால் நாலு அடி நிலம் மிச்சமாகும் என்று அண்ணன் அத்தனையையும் வேரோடு பிடுங்கி எரித்தார். அடுத்த இரண்டு வருடமும் பூசணியும் புடலையும் பூத்தன, ஆனால் பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்தன. திருஷ்டி என்றார்கள், உரம் போதவில்லை என்றார்கள். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட வராமல் கொடிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"விடிஞ்சதுலேருந்து பாக்குறேன் தாயி, ஒரு தேனீ வரல. வேலியப் புடுங்கி நாந்தான் வெரட்டிவிட்டுட்டேன்" என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

சரி, தவறு புரிந்தது. கிளுவைக் குச்சிகளை மறுபடி நட்டார், அவையும் துளிர்த்தன. காந்தளுக்குச் சிறுமலை அடிவாரத்தில் கிழங்கு தோண்டி வந்தால் அடுத்த மழைக்கே பூக்கும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னார். ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"அங்க இருக்குறதப் பேத்துட்டு வந்தா அங்கருக்க பூச்சி எங்கிட்டுப் போகும்?" என்றார் அண்ணன். கிழங்கைத் தொடாமல், வெடித்த காயிலிருந்து சிவப்பு விதைகளை மட்டும் பொறுக்கி வந்தார். விதையிலிருந்து பூ வர நாலைந்து வருடம் ஆகும். அதற்குத் தேவைப்பட்டவை என் சமையல் சட்டிகள். ஆறு சட்டிகளைக் கேட்காமலே எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, மணலும் இலைமக்கும் நிரப்பினார். முளைத்ததோ புல்லைப் போல ஒற்றை இலை. கிழங்கு விஷம் என்பதால் என் மகளை அந்தப் பக்கம் விடாமல் காவல் காக்கும் வேலையும் எனக்கே வந்தது.

மாசியில் ஒரு மாதப் பயிற்சிக்காக மதுரை போனவர், சட்டிகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் போன முதல் வாரத்திலேயே மிச்சமிருந்த இலைகளும் காய்ந்து விழுந்தன. நான் பதறிப்போய்க் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன். கோடையில் அது மண்ணுக்குள் உறங்கும், அப்போது நீர் கூடாது என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா இல்லையா? திரும்பி வந்து சட்டியைக் கிளறினார். மொச்சை அளவுக் கிழங்குகள் அழுகிக் கூழாகியிருந்தன.

"தூங்குற புள்ளைய எழுப்பிச் சோறு ஊட்டிட்டியே தாயி" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். மறுபடியும் சிறுமலைக்கு விதை பொறுக்கப் போய்விட்டார்.

அதற்கு ஐந்தாவது ஐப்பசியில் வேலியில் முதல் பூக்கள் விரிந்தன. இரண்டு நாளில் கல்லறைத் திருநாள். ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கிளம்பும் நாளில், அம்மாவின் கல்லறைக்கு வைக்க நான் அரிவாளோடு வேலிக்குப் போனேன்.

"தொடாதே!" என்று ஒரு சத்தம். அண்ணன் குரல் உயர்ந்ததை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "கொடியத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்!"

"பெத்த தாய்க்கு வைக்காத பூவு யாருக்குண்ணே?"

"பாரு, அங்க பாரு" என்றார். ஒரு பூவில் இரண்டு தேனீக்கள் இருந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவற்றை நான் பார்க்கவே இல்லை. கடைத்தெருச் செவ்வந்தியை வாங்கிக்கொண்டு தனியாகக் கல்லறைக்குப் போனேன். ஒரு மாதம் அண்ணனோடு பேசவில்லை. அந்த வருடம் பூசணி காய்த்துக் குவிந்தது. மழை நன்றாகப் பெய்த வருடம் அது என்று நான் இன்றும் சொல்வேன்.

சென்ற வருடம் பக்கவாதம் அண்ணனைப் படுக்கையில் தள்ளியது. வாய் குழறியபோதும் தினமும் காலையில் என்னிடம் கேட்டது "பூச்சி வருதா?" என்பதைத்தான். "அதுக்கென்ன, வருது வருது, நீங்க கஞ்சியக் குடிங்க" என்று எரிந்து விழுந்திருக்கிறேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்.

அண்ணனைத் தூக்கி உட்காரவைத்த பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த ஆஸ்பத்திரிச் சகோதரிகளுக்கும், மழையில் நனைந்தபடி இறுதி ஊர்வலத்தில் நடந்து வந்த அவருடைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் மறைக்க முடியாத ஒன்று உண்டு. போன மாதம் கல்லறைத் திருநாளன்று வேலி நிறையக் காந்தள் பூத்திருந்தது. நான் அத்தனையையும் அறுத்தேன். தேனீக்கள் என் கையைச் சுற்றின, நான் விடவில்லை. கூடை நிறையக் கொண்டுபோய் அண்ணனின் கல்லறையில் கொட்டிவிட்டு நின்றேன். இருட்டும்வரை நின்றேன். "தொடாதே!" என்று ஒரு சத்தமும் வரவில்லை. பூவெல்லாம் போனதால் இந்த வருடம் விதை இல்லை. தோட்டத்துப் பக்கம் வரும் உறவினர்கள் யாராக இருந்தாலும், தயவுசெய்து என்னை ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போங்கள்.